சாமுராய் போர்த் தட்டி: தாளில் மடித்துப் பார்க்கும் முறை

ஜப்பானிய மடக்குத் தட்டி ஓவியத்தை (அவர்கள் பியோபு என்பார்கள்) கணினியில் தட்டையாகப் பார்த்தால் எறும்புக் கூட்டம்தான் தெரியும். மடித்து நிறுத்திய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

படி 1: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் மினாமோதோ, தைரா என்ற இரண்டு சாமுராய் குலங்கள் மோதிய இச்சினோதானி, யாஷிமா போர்களைக் காட்டும் 17ஆம் நூற்றாண்டு ஜோடித் தட்டி இருக்கிறது. தட்டிக்கு ஆறு பலகை. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: ஏ4 தாளில் படுக்கைவாட்டில் அச்சிடுங்கள். போட்டோ தாள் வேண்டவே வேண்டாம், மடிப்பில் மை உரிந்து வெள்ளைக் கோடு விழும். சாதாரணத் தாளே போதும்.

படி 3: வரிசை. இங்கேதான் வழுக்கினேன். தமிழ் படிக்கிற பழக்கத்தில் இடமிருந்து தொடங்கினேன். 1185இல் நடந்த யாஷிமா முதலில் வந்தது, 1184இல் நடந்த இச்சினோதானி பின்னால் போனது. தோற்றுப் படகேறிய தைரா படை அடுத்த தட்டியில் கரையில் பாசறை போட்டு உட்கார்ந்திருந்தது! ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். வலமிருந்துதான் தொடங்க வேண்டும், இச்சினோதானி வலப்பக்கம்.

படி 4: புடவைக் கொசுவம் மாதிரி மாற்றி மாற்றி மடியுங்கள். பலகை ஒன்று ஏறக்குறைய 5 செ.மீ. வரும்.

படி 5: மேசையில் நிறுத்தி, முகவாய் மேசையைத் தொடுகிற அளவுக்குக் குனியுங்கள். அசல் ஒன்றரை மீட்டர் உயரம், தரையில் உட்கார்ந்து பார்க்கிற பொருள். முதலில் கொடிகள்: வெள்ளை மினாமோதோ, சிவப்பு தைரா. தங்க மேகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் வேறு நேரம். அப்புறம் கடலோரம் தேடுங்கள். படகை நோக்கிக் குதிரையில் போகும் இளைஞன் தைரா குலத்து அத்சுமோரி; கரையிலிருந்து விசிறியை ஆட்டி அவனைக் கூப்பிடுபவர் மினாமோதோ படையின் குமாகாய். தன் மகன் வயதுப் பையன் என்று தெரிந்தும் அவர் கொல்ல வேண்டியதாயிற்று என்கிறது கதை. யாஷிமாவில் படகின் கம்பத்தில் இன்னொரு விசிறி. அது மினாமோதோ வில்லாளி நாசு நோ யோயிச்சியின் அம்புக்கான குறி.

பின்சேர்க்கை: மூடினால் படம் வெளியே வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். முதல் மடிப்பைப் படம் உள்ளே போகும்படி போடுங்கள், அடுத்தது வெளியே. அப்போது மூடினால் இரு பக்கமும் முதுகுதான் தெரியும், ஓவியம் உரசாது.