எச்ஓ லேஅவுட்டுக்கு பாயிண்ட் நாமளே கட்டுறது எப்படி

எச்ஓன்னா நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு அளவு மாடல் ரயில். அதுல ரெடிமேட் பாயிண்ட் (ஒரு லைன் ரெண்டா பிரியுற ட்ராக் துண்டு) வாங்கிப் போடுறவங்க எல்லாரும் ஒரு நாள் முட்டி நிக்கிற இடம் யார்டு வாய் (வண்டி நிறுத்துற லைன்கள் பிரிய ஆரம்பிக்கிற இடம்) தான். மூணு லைன் அடுத்தடுத்து பிரியணும், அதுலயும் ஒண்ணு வளைவுக்குள்ளயே பிரியணும், கடையில இருக்கிறதோ அவங்க வச்ச நாலஞ்சு அளவு. அங்க கையால கட்டுறது தான் வழி, பாக்க பயமா இருந்தாலும் அவ்ளோ கஷ்டம் இல்ல. இங்க சொல்றது 16.5 மி.மீ. கேஜ் (ரெண்டு ரெயிலுக்கும் உள்ள இடைவெளி), கோட் 83 ரெயில் (0.083 அங்குல உயரம்), 1 இன் 6 கிராஸிங் (ரெண்டு லைனோட ரெயில் ஒண்ணை ஒண்ணு வெட்டுற இடம்), காப்பர் பூசின பிசிபி (எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் போர்டு) ஸ்லீப்பர்ல சால்டர் பண்ற முறை.

முதல்ல கோணம். 1 இன் 6னா 6 அளவு நீளம் போனா 1 அளவு விலகுது, டிகிரில கிட்டத்தட்ட 9.5. நம்ம ரயில்வே மெயின் லைன்ல போடுறது 1 இன் 12, அது நிஜத்துல சுமார் 40 மீட்டர் நீளம், 87-ல வகுத்தா ஒரே பாயிண்ட்டுக்கு 46 செ.மீ. போயிடும், வீட்ல யாருக்கும் அவ்ளோ இடம் இல்ல. அதுக்காக 1 இன் 4க்கு இறங்கிடாதீங்க, எல்எச்பி கோச் எச்ஓல 27 செ.மீ. வரும், அந்த வளைவுல பக்கத்து லைன் வண்டியை இடிக்கும். டெம்ப்ளாட்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கத்துக்க கொஞ்சம் படுத்தும், ஆனா பாயிண்ட்டையே வளைச்சு உங்க வளைவுல உக்கார வைக்க அதை விட நல்லது நான் பாக்கல. அதுல வர்ற வரைபடத்தை (டெம்ப்ளேட்) பிரிண்ட் எடுக்கும்போது ஃபிட் டு பேஜ் ஆஃப் பண்ணிட்டு 100 சதவீதத்துல எடுங்க, எடுத்ததும் ஸ்கேல் வச்சு கேஜை அளந்து பாருங்க, நிறைய பேர் இதை விட்டுட்டு அப்புறம் ரெயிலை திட்டுவாங்க.

ஸ்லீப்பருக்கு 1.6 மி.மீ. காப்பர் கிளாட் போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும், 3 மி.மீ. அகலத்துல கீத்து கீத்தா வெட்டிக்கோங்க, சாதா ட்ராக்ல 30 மி.மீ. நீளம், பாயிண்ட்ல பிரிய பிரிய நீளம் கூடும், டெம்ப்ளேட்ல இருக்கிற மாதிரி வெட்டுங்க. கிளாஸ் ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போட்டு வெளிய உக்காந்து அறுங்க. வெட்டினதும் ஒவ்வொரு ஸ்லீப்பர்லயும் ரெண்டு ரெயிலுக்கு நடுவுல காப்பரை ஃபைலால குறுக்க கீறி பிரிச்சிடணும், கிராஸிங் பக்கம் ரெயில் அதிகம், அங்க ரெண்டு மூணு கீறல் வேணும். மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி பாத்து முடிச்சப்புறம் தான் டபுள் சைடு டேப்ல டெம்ப்ளேட் மேல ஒட்டணும்.

இப்ப கிராஸிங். இந்த பாயிண்ட்ல நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியது இங்க தான். ப்ளைவுட் துண்டுல 60 மி.மீ. கோடு போட்டு, முனையில 10 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு, அந்த ரெண்டு கோட்டு மேலயும் மரச் சட்டம் அடிச்சா அதான் உங்க ஜிக் (ரெயிலை சரியான கோணத்துல பிடிச்சு வைக்கிற அச்சு). ரெண்டு ரெயில் துண்டுலயும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற பக்கத்தை மட்டும் பாதி கோணத்துக்கு, அதாவது 4.75 டிகிரிக்கு ஃபைல் பண்ணுங்க, சக்கரம் உரசுற வெளிப்பக்கத்தை தொடவே கூடாது. ஜிக்ல அழுத்தி வச்சு சால்டர் ஓட விட்டு, ஆறினதும் நுனியை (இதைத்தான் மூக்குன்னு சொல்றது) லேசா மழுக்கி மேல்பக்கம் ஒரு மயிரிழை தாழ்த்துங்க. ஊசி மாதிரி விட்டா முதல் வண்டியிலயே வளையும்.

நேர் ஸ்டாக் ரெயிலை, அதாவது அசையாத வெளிப்பக்க ரெயிலை, முதல்ல வச்சு சால்டர் பண்ணுங்க, ஒரேடியா எல்லா ஸ்லீப்பர்லயும் சூடு காட்டாம நாலுக்கு ஒண்ணு புள்ளி வச்சிட்டு அப்புறம் நிரப்புங்க, இல்லன்னா ரெயில் சூட்டுல நீண்டு நெளியும். அதுலேர்ந்து ட்ராக் கேஜ் வச்சு கிராஸிங்கை உக்கார வைங்க, அப்புறம் வளைஞ்ச ஸ்டாக் ரெயில், அப்புறம் மூக்குக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்சு போற விங் ரெயில். விங் ரெயிலுக்கும் மூக்குக்கும் நடுவுல 1.25 மி.மீ. இடைவெளி, அந்த தடிமன்ல தகடு ஒண்ணை வெட்டி வச்சுக்கிட்டா ஒவ்வொரு தடவையும் அளக்க வேணாம்.

செக் ரெயிலை, அதாவது கிராஸிங்குக்கு எதிர்ல ஸ்டாக் ரெயிலுக்கு உள்பக்கம் வைக்கிற குட்டி ரெயிலை, பலபேர் அலங்காரத்துக்கு வைக்கிற மாதிரி வைப்பாங்க. ஆனா ஒரு சக்கரத்தோட முதுகை அது பிடிச்சு இழுக்குறதால தான் அந்தப் பக்கத்து சக்கரம் மூக்குல மோதாம போகுது. அதனால அளவை பக்கத்து ஸ்டாக் ரெயில்லேர்ந்து எடுக்காதீங்க, எதிர்ல இருக்கிற கிராஸிங் மூக்குலேர்ந்து எடுங்க: கேஜ் 16.5ல இடைவெளி 1.25 போனா 15.25 மி.மீ., மூக்கோட ஓடுற விளிம்புலேர்ந்து செக் ரெயிலோட உரசுற முகம் வரைக்கும் அது இருக்கணும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கேஜ் தகடு ஒண்ணு வாங்கிட்டா இந்தக் கணக்கு எதுவும் வேணாம், சக்கரத்தையும் அதுலயே சோதிச்சிடலாம்.

டங் ரெயில்ல (பாதையை மாத்த நகர்ற கூர் ரெயில்) ஸ்டாக் ரெயிலை ஒட்டுற பக்கத்து அடிப்பாகத்தை முழுசா எடுத்துட்டு, தலையை கத்தி மாதிரி சரிச்சு ஃபைல் பண்ணணும். ஸ்டாக் ரெயிலோட உள்பக்க அடியையும் அந்த நீளத்துக்கு கொஞ்சம் சுரண்டினா டங் ரெயில் ஒட்டி உக்காரும். மூடி வச்சு ஸ்டாக் ரெயில்லேர்ந்து டங் ரெயிலுக்கு நகத்தை இழுத்துப் பாருங்க, நகம் தட்டுச்சுன்னா சக்கரமும் தட்டும், இன்னும் ஃபைல் பண்ணுங்க. ரெண்டு டங் ரெயிலையும் இழுக்குற பட்டையும் பிசிபி தான், நடுவுல காப்பர் கீறலை மறந்துடாதீங்க.

கரண்ட் விஷயம்: கிராஸிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெயிலை மெல்லிய ரம்பத்தால அறுத்து கிராஸிங்கை தனியாக்கி, அதுக்கு ஒரு வயரை ட்ராக் ஒட்டுறதுக்கு முன்னாடியே அடியில சால்டர் பண்ணிடுங்க. அந்த வயர் பாயிண்ட் மாறும்போது ஒரு மைக்ரோ சுவிட்ச் வழியா இந்தப் பக்க ரெயில் கரண்ட், அந்தப் பக்க ரெயில் கரண்ட்னு மாறணும், பாயிண்ட்டை நகத்துற டார்ட்டாய்ஸ் மோட்டார் போட்டீங்கன்னா அதுக்குள்ளயே சுவிட்ச் இருக்கு. டங் ரெயிலுக்கு பக்கத்து ஸ்டாக் ரெயில்லேர்ந்தே நிரந்தரமா கரண்ட் கொடுங்க, தொட்டுக்கிட்டா போதும்னு விட்டா தூசி படிஞ்ச அன்னைக்கு இன்ஜின் அங்கயே நிக்கும். டிசிசில (ட்ராக் வழியா டிஜிட்டல் சிக்னல்ல இன்ஜினை இயக்குற முறை) ஓட்டுறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஒரு நொடி ஷார்ட் ஆனாலும் மொத்த லேஅவுட்டும் நின்னுடும்.

சால்டர் பண்ணப்போ போட்ட ஃப்ளக்ஸை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவுங்க, விட்டா மாசம் ரெண்டுல பச்சை பூக்கும். அப்புறம் இன்ஜினை ஓட விடாம, ஒரு தனி போகியை விரலால மெதுவா ரெண்டு லைன்லயும், ரெண்டு திசையிலயும் தள்ளுங்க. எங்க குதிக்குதுன்னு கை சொல்லிடும். மூக்குல குதிச்சா செக் ரெயிலை பாருங்க, டங் முனையில ஏறுச்சுன்னா ஃபைல், எல்லா இடத்துலயும் இறுகுச்சுன்னா ஒரே அச்சுல இருக்கிற ரெண்டு சக்கரத்தோட முதுகுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை அளங்க, எச்ஓவுக்கு சுமார் 14.4 மி.மீ. இருக்கணும்.