இரண்டு குதிரைத்திறன் கூடுமாம்: பைக்கில் பணத்தைக் கொட்டும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குள் திரும்பும் இளைஞர்களில் பலர் என்ன வாங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். முதலில் சைலன்சர், அடுத்து ஏர் ஃபில்டர், காசு மிஞ்சினால் ஸ்பார்க் பிளக். கடைக்காரரும், “தம்பி, இதை மாட்டினால் இரண்டு குதிரைத்திறன் கூடும்” என்பார். அது முழுப் பொய்யாகவும் இருக்காது. ஆனால் எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்போது கூடும் என்று எவரும் கேட்பதில்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்.

150 சிசி பைக் தன் முழுத் திறனைக் காட்டுவது பொதுவாக 8,000 ஆர்பிஎம்மை ஒட்டியோ அதற்கு மேலோதான். மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் ஒருவர் எத்தனை முறை அந்த இடத்தைத் தொடுவார்? சிக்னலில் நிற்பதும், 3,000க்கும் 6,000க்கும் நடுவே ஊர்வதும், மறுபடி நிற்பதுமாகத்தான் அவருடைய பயணம் இருக்கும். உச்சியில் கூடும் திறனுக்கு அவர் பணம் கொடுக்கிறார். அன்றாடம் பயன்படுத்துவதோ அடிப்பகுதியை.

சத்தம் வேறு, வேகம் வேறு

சைலன்சரைத் திறந்துவிட்டால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்ற பேச்சு பாதி உண்மை. வெளியேறும் புகை ஒரே சீராக ஓடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. அது குழாய்க்குள் மோதித் திரும்பும் நேரம், குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் அந்த அலை சிலிண்டரைக் காலி செய்ய உதவும். வேறொரு ஆர்பிஎம்மில் குறுக்கே நிற்கும். கம்பெனிப் பொறியாளர்கள் இந்தக் கணக்கை நகரப் பயன்பாட்டை மனத்தில் வைத்துப் போட்டிருக்கிறார்கள். அகலமான, தடையில்லாத குழாயைப் போட்டால் ஆதாயம் மேலே நகரும். கீழே கொஞ்சம் இழுவை குறைவதும் உண்டு.

கிளாசிக் 350ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 349 சிசி, ஏறத்தாழ 20 குதிரைத்திறன். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்) 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. அந்த வண்டியின் குணமே கீழிருந்து இழுப்பதுதான். அதற்குப் பெரிய குழாயை மாட்டுகிறவர் வாங்குவது முக்கால்வாசி சத்தத்தை. சத்தம் பிடித்திருக்கிறது என்று வாங்கினால் எனக்கு அவரோடு சண்டை இல்லை, அக்கம்பக்கத்தாருக்கு இருக்கலாம். ‘பிக்கப் கூடிவிட்டது’ என்று சொல்லும்போதுதான் சிரிப்பு வருகிறது. காது இரைச்சலைக் கேட்டால் மனம் அதை வேகமாகவே எடுத்துக்கொள்கிறது.

இதில் நம் ஊருக்கே உரிய ஓர் ஏமாற்றும் உண்டு. புதிய பாகத்தைச் சனிக்கிழமை மாட்டுவார்கள், ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதித்துப் பார்ப்பார்கள். காலிச் சாலை, குளிர்ந்த காற்று, பறக்கிறது என்பார்கள். பறக்கத்தான் செய்யும். ஜனவரி விடியலில் 22 டிகிரி. மே மாதப் பிற்பகலில் 40 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் மாறுகிறது. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில்தான் மாறும். சின்ன பைக்கில் சைலன்சர் மாற்றிக் கிடைக்கும் ஆதாயமும் இதை ஒட்டிய அளவில்தான் இருக்கும். எது பருவநிலை தந்தது, எது குழாய் தந்தது என்று பிட்டம் சொல்லாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒரே கியரில் 30இலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். அப்படி அளந்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்கள் மிகவும் குறைவு.

உச்ச வேகத்தை நம்பிச் செலவு செய்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது: வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். ஆகவே திறனை 10 சதவீதம் கூட்டினால் உச்ச வேகம் 3 சதவீதம்தான் கூடும். 110இல் நின்ற வண்டி 113க்குப் போகும். அந்த மூன்று கிலோமீட்டரை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வேண்டுமானால் செலவழிக்கலாம், கத்திப்பாராவில் அதற்கு இடமில்லை.

“எஃப்ஐ வண்டி, தானே சரிசெய்துகொள்ளும்”

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் நம் பைக்குகள் பெரும்பாலும் எஃப்ஐ ஆகிவிட்டன, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சர் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. சென்சர் பார்த்துக்கொள்வது நிதானமாக ஓட்டும்போதுதான். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் இசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி அந்தச் சென்சரை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் ஏற்கெனவே பதிந்திருக்கும் அட்டவணைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும். அந்த அட்டவணை எழுதப்பட்டது பழைய சைலன்சருக்கும் பழைய ஃபில்டருக்கும். இப்போது உள்ளே போகும் காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. கலவை மெலிகிறது, எஞ்சின் சூடேறுகிறது. திறன் எங்கே வேண்டுமென்று பணம் கொடுத்தீர்களோ அங்கேயே கோளாறு.

அறிகுறிகள் ஒளிந்துகொள்வதில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் குழாயிலிருந்து பட்பட்டென்று வெடிச்சத்தம் வரும். குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டாலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முனையைச் சுற்றியுள்ள பீங்கானைப் பாருங்கள். வெளிறிய காப்பி நிறத்தில் இருந்தால் நிம்மதி. சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றி மெக்கானிக்கே சரிக்கட்டுவார். எஃப்ஐயில் அதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டும் அல்லது இசியூவை ரீமேப் செய்ய, அதாவது அதன் அட்டவணையை மாற்றி எழுத வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஃபில்டரின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் இந்தச் சுமைகூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஃபில்டரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கூம்பு ஃபில்டரைப் போடுவது சென்னைக்குச் சற்றும் பொருந்தாத வேலை. மெட்ரோ பணி நடக்கும் சாலைகளின் புழுதி ஒருபுறம், வடகிழக்குப் பருவமழை மறுபுறம். கம்பெனிப் பெட்டி காற்றை உயரத்திலிருந்து, சுற்றி வளைத்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. வேளச்சேரியில் முழங்கால் நீரில் வண்டியை ஓட்டிப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நவம்பரில் அந்த நிலை தானாகவே வரும். சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சில நூறு ரூபாயில் உண்மையாகவே மாறும் ஒன்று

எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. பெரிய பெட்டியில் வராத, பளபளப்பில்லாத ஒரு பொருள், கொடுத்த காசுக்கு வேலை செய்யும்: முன் ஸ்பிராக்கெட், அதாவது எஞ்சின் பக்கம் செயினைச் சுழற்றும் பல்சக்கரம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3. முன்னால் 13 பல் போட்டால் 3.23. எல்லாக் கியரிலும் பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ 7.7 சதவீதம் கூடுகிறது. சிக்னலிலிருந்து புறப்படும்போதும், மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதும் இது நன்றாகவே தெரியும்.

இனாமாகக் கிடைப்பதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 5,000இல் சுற்றிய எஞ்சின் இனி ஏறக்குறைய 5,400இல் சுற்றும். நெடுஞ்சாலையில் அதிர்வும் பெட்ரோல் செலவும் கூடும். வாரந்தோறும் திண்டிவனம் தாண்டிப் போகிறவர் இதைத் தொடக் கூடாது. வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து அளக்கும் வண்டிகளில் மீட்டர் அதிகமாகக் காட்டும். தேய்ந்த செயினில் புதிய ஸ்பிராக்கெட்டை மட்டும் போட்டால் அதன் பற்களும் சீக்கிரமே கொக்கிபோல் வளைந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், திறனைக் கூட்டாது. உயர் ஆக்டேன் பெட்ரோல் என்பது தானாக வெடித்துவிடாமல் தாங்கும் பெட்ரோல். அதைக் கேட்காத எஞ்சினுக்கு ஊற்றினால் பங்க்காரருக்குத்தான் லாபம். சிந்தெடிக் ஆயில் நல்லதுதான், ஆனால் டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியாக ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. காருக்கான வழுக்கும் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிடிக்காமல் நழுவும்.

இழந்ததை மீட்காமல் புதிதாக வாங்குவது

நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியில் ‘பிக்கப் இல்லை’ என்று புகார் வந்தால், பெரும்பாலும் அந்தத் திறன் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இரண்டு சுற்றுக்கூடச் சுற்றாமல் நின்றால் பிரேக் உரசுகிறது அல்லது செயின் வறண்டு இறுகிக் கிடக்கிறது. கிளட்ச் லீவரில் சிறிது தளர்வு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி நழுவிய நிலையிலேயே இருக்கும். வால்வு இடைவெளி, அடைத்த ஏர் ஃபில்டர், டயரின் காற்று. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு நல்ல சர்வீஸ் பில்லுக்குள் அடங்கும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் உங்களுக்குத் தேவை வேறு வண்டி. 150 சிசி பைக்குக்கு முப்பதாயிரம் ரூபாய் செலவழித்தாலும் அது 250 ஆகாது. அந்தப் பணத்தைப் பழைய வண்டியின் விற்பனை விலையோடு சேர்த்தால் அடுத்த படிக்குப் போய்விடலாம்.

செலவு செய்யக் கை துறுதுறுக்கிறதா? டயரில் செய்யுங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய சரக்கைத் தள்ளுபடியில் கொடுக்கும் கடைகளில் இதைக் குனிந்து பார்ப்பது அவசியம். நல்ல ரப்பர், சரியான அளவு. இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. பார்வைக்காக இரண்டு அளவு அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் திணிக்கிறார்கள். ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, டயரின் முதுகு கூனிப்போகிறது. திருப்பங்களில் தரையைப் பிடிக்கும் பரப்பு நினைத்தபடி கிடைப்பதில்லை. எடை கூடி வண்டியும் மந்தமாகிறது.

அடுத்தது பிரேக். எண்ணெய்க் குழாயை உலோக வலை பொதிந்த வகைக்கு மாற்றினால், லீவரை அழுத்தும்போது குழாய் உப்புவது குறைந்து பிடி கெட்டியாகும். அதற்கும் முன்னால் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ஆர்சி புத்தகமும் இன்சூரன்ஸும்

கடையில் விற்கிறார்கள், ஆகவே மாட்டலாம் என்று நினைப்பது கடைசித் தவறு. விற்பனை வேறு, சாலையில் ஓட்டுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். வாரண்டி போவதும், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்லாமல் செய்த மாற்றங்களைக் காட்டிக் கையை விரிப்பதும் தனி.

இவ்வளவுக்குப் பிறகும் சைலன்சரை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கழற்றியதைப் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிஎஸ்6 வண்டியின் புகைக்குழாய்த் தொகுதியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதற்குள் பிளாட்டினம் வகை உலோகங்கள். வாங்குகிறவருக்கு அது தெரியும். வண்டியை விற்கும்போது பழைய சைலன்சர் எங்கே என்று கேட்பார்கள். அப்போது புதிதாக வாங்க ஷோரூமுக்குப் போனால், சொல்லும் விலைக்கு உங்கள் பந்தயச் சைலன்சரே மலிவாகத் தோன்றலாம்.