சிறுநீர்ப்பைக்கு மின்தூண்டல்: பலனைக் கெடுக்கும் தவறுகள்

அடிக்கடியும் அவசரமாகவும் சிறுநீர் முட்டும்படி சிறுநீர்ப்பை அடங்க மறுப்பதற்குக் கணுக்காலில் ஊசி குத்துவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. கணுக்காலின் உட்புறமாக ஓடும் டிபியல் நரம்பும் சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே வேர்களிலிருந்து கிளம்புபவை. அந்த ஊசி வழியே காலில் தரும் மெல்லிய மின்துடிப்பு பையை எட்டுவது அந்த வழியில்தான்.

வாரம் ஒரு முறை, 30 நிமிடம், 12 வாரம் என்பது வழக்கமான கணக்கு. நான்காவது வாரத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நின்றுவிடுவதுதான் நான் முதலில் சொல்லும் தவறு. பலன் மெல்லத்தான் வரும். குணம் தெரிந்தவுடன் அடியோடு நிறுத்துவதும் அதே ரகம். பலன் நிலைக்க, மாதம் ஒரு முறை போலத் தொடர வேண்டியிருக்கும்.

அடுத்தது, எழுதிவைக்காதது. சிகிச்சைக்கு முன்பே குறைந்தது மூன்று நாள், எத்தனை முறை போனோம், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, இரவில் எத்தனை முறை எழுந்தோம், என்ன குடித்தோம் என்று குறிக்க வேண்டும். நாளுக்கு 14 முறை என்பது 10 ஆனால் மனம் அதைக் கவனிக்காது, காகிதம் கவனிக்கும். இடுப்புக்குப் பின்னால் தோலுக்கடியில் மின்தூண்டல் கருவியையே பொருத்தும் இன்னொரு வகைச் சிகிச்சையில் இது இன்னும் முக்கியம். முதலில் தற்காலிகக் கம்பி வைத்துச் சோதிப்பார்கள். தொல்லை பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. குறிப்பை ஒப்புக்கு நிரப்பினால் அறுவை சிகிச்சை முடிவே பிசகும்.

மின்சாரத்தைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் வீண் கணக்கு. பாதத்தில் கூச்சம் பரவுவதோ பெருவிரல் மடங்குவதோ போதுமான அடையாளம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதில் ஆதாயம் இல்லை.

இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசிகிறதா? அது வேறு கோளாறு. அதற்கு இடுப்புத்தளப் பயிற்சியிலிருந்து, அதாவது சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். சிறுநீர்த் தொற்றையும் புராஸ்டேட் அடைப்பையும் பார்க்காமல் மின்தூண்டலுக்குப் போவதும் வீண் அலைச்சல்.

பேஸ்மேக்கர், கர்ப்பம், ரத்தம் உறையாத தன்மை, காலில் நரம்புச் சேதம் ஆகியவற்றைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கருவி பொருத்திக்கொண்டவர்கள் அதன் அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில், மேசையில் படுப்பதற்கு முன்பே அதை நீட்டுங்கள்; எல்லாக் கருவிகளும் அந்தக் காந்தத்துக்கு ஒத்துவருவதில்லை.