ஓடிபி அவர் போனுக்கு, தண்டம் எனக்கு

பாம்பனில் விசைப்படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும், விற்பனையே இல்லையே என்று நானும் கணக்குப் பார்ப்பவரைக் கேட்கவில்லை, அவரும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவில்லை. ஒன்றும் விற்காவிட்டாலும் விற்பனை பூஜ்யம் என்று ‘நில்’ ரிட்டர்ன் போட வேண்டுமாம், தவறினால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்த மாதம் என்றால் 50.

சரி, நாமே பார்க்கலாம் என்று ஜிஎஸ்டி தளத்தைத் திறந்தால் ஓடிபி வரவே இல்லை. பதிவு செய்தபோது தன் மொபைல் எண்ணையும் மெயிலையும் கொடுத்துவிட்டிருக்கிறார் மனுஷன்! போன் போட்டால் எடுப்பதில்லை. கடைசியில் அடையாளச் சான்று, பதிவுச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி வரி அதிகாரியிடமே போனேன். என் எண்ணை ஏற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த வழி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது ராமநாதபுரத்தில் ஒரு அக்கா கணக்குப் பார்க்கிறார். பேசும்போதே சொல்லிவிட்டேன்: எண் என்னுடையது, ஓடிபி கேட்டால் தருவேன், தாக்கல் செய்த ரசீது அன்றைக்கே வாட்ஸப்பில் வர வேண்டும். சம்பளம் கொஞ்சம் கூடத்தான். அப்புறம் பில் எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் மீன் வாடையோடு போகிறது, அதற்குத்தான் அக்கா திட்டுகிறார்.