ஆண்டுவிழா மேடைக்கு ரோமானியச் சண்டை: வலை, தலைக்கவசம், வேட்டி

பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளி ஆண்டுவிழாவில் கிளாடியேட்டர் (பழைய ரோமில் மக்கள் முன்னால் ஆயுதச் சண்டை போட்ட வீரன்) நாடகம் போடுகிறவர்கள் முதலில் கதை நடக்கும் காலத்தை முடிவு செய்யுங்கள். அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கிளாடியேட்டர் ஸ்பார்டகஸ், இத்தாலியின் காபுவா நகரிலிருந்து தப்பியது கி.மு. 73. வலையும் திரிசூலமுமாகச் சண்டையிடும் வலைவீரன் வந்ததோ பிறகு, பேரரசுக் காலத்தில். வலைச்சண்டைதான் வேண்டுமென்றால், கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெய்யில் கதையை வையுங்கள். பதவிக்கு நிற்பவருக்கு ஓட்டுக் கேட்டுச் சுவரில் எழுதும் பழக்கம் அங்கே இருந்தது. பின்திரைக்கு அதுவே போதும்.

வலைக்கு ஆற்றிலும் குளத்திலும் வீசுகிற வீச்சுவலை மாதிரி, 6 அடி விட்டத்தில். ஓரத்து ஈயக்குண்டுகளைக் கழற்றிவிட்டு, சாணுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை முடிச்சு கட்டுங்கள். ஈயம் பல்லை உடைக்கும். எடையே இல்லாவிட்டால் வலை விரியாமல் பந்தாக விழும். வலைவீரனுக்குத் தலைக்கவசம் கிடையாது, கேடயமும் கிடையாது. இடது தோளில் மட்டும் ஒரு தகடு; பழைய பிளாஸ்டிக் வாளியில் வெட்டிக்கொள்ளலாம். திரிசூலத்துக்கு நாலரை அடி மூங்கில், முனை மூன்றும் ரப்பர் செருப்பில் வெட்டியது.

எதிராளி செக்யூடோர், அதாவது துரத்துகிறவன். அவன் தலைக்கவசம் வழவழப்பானது, வலை சிக்கக்கூடாது என்பதற்காகவே. சினிமாவில் பார்த்த இறகுக் குஞ்சத்தை ஒட்டினால் வலை மாட்டி, கவசம் தலையிலிருந்து கழன்று வரும். உச்சியில் மீன்துடுப்பு போல ஒரு தாழ்ந்த விளிம்பு, அவ்வளவுதான்.

செய்முறை: பையனின் தலையைவிடப் பெரிதாக ஊதிய பலூனில் மைதாப் பசை தடவி, செய்தித்தாள் 6 அடுக்கு. ஒரு நாளைக்கு 2 அடுக்குக்கு மேல் வேண்டாம், உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். முதல் நாள் நிழலில்தான் காயவேண்டும். நம்ம ஊர் வெயிலில் வைத்தால் பலூன் விரிந்து வெடித்துவிடும். அசலில் கண்துளைகள் மிகச் சிறியவை. மேடைக்கு 5 செ.மீ. வெட்டுங்கள், வாய்ப்பக்கமும் காற்றுக்கு வழி விடுங்கள்.

செலவு செய்து சண்டை நடத்துகிற வேட்பாளருக்கு இரண்டு 8 முழ வேட்டியை நீளவாக்கில் இணைத்த டோகா, அதாவது ரோமானியர் உடம்பைச் சுற்றிப் போர்த்துகிற உடை. கரை இல்லாததாகப் பாருங்கள்: ஊதாக் கரை பதவியில் இருப்பவருக்கு, சுண்ணம் தேய்த்த வெள்ளை ஓட்டுக் கேட்பவருக்கு. கரை வேட்டியின் அர்த்தத்தை நம் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. ஜெயித்த காட்சியில் ஊதா நாடா தைத்த வேட்டியோடு வரட்டும். நீலம் அளவாகப் போடுங்கள், மேடை விளக்கில் வெள்ளை நீலமாகத் தெரியும்.