எருக்கலை வளர்ப்பவர்கள் விடும் பிழைகள்

வளவுக்கு வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என்று ஆசைப்படும் சிலர், இணையத்தில் படம் பார்த்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெளிநாட்டு எருக்கினச் செடியைத் தேடி அலைகிறார்கள். அது வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரியது. அதே குடும்பத்து எருக்கலை எங்கள் ஒழுங்கை ஓரங்களிலேயே நிற்கிறது. வெள்ளையாகவோ ஊதாவாகவோ பூக்கும், பல வருடம் நிலைக்கும். பிள்ளையாருக்கு வெள்ளெருக்கம்பூ ஆய்கிற வீடுகளில்கூட அதை வளவுக்குள் வளர்க்கத் தயங்குகிறார்கள்.

ஆசையாக நட்டவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். இலையில் ஓட்டை விழுந்ததும் "மயிர்க்கொட்டி ஏறிட்டுது" என்று மருந்தடிப்பார்கள். முருங்கையில் அப்பிக்கொண்டிருக்கும் மயிர்க்கொட்டிக்குத் தீப்பந்தம் பிடித்துப் பழகிய கை அது. ஆனால் எருக்கலைப் புழுவைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: உடம்பில் மயிரே இல்லை. கறுப்பு, வெள்ளை வளையங்கள், இடையே மஞ்சள் பொட்டுகள், முதுகில் மூன்று சோடி கறுப்புக் கொம்புகள். தொட்டாலும் கடிக்காது. கறுப்பு நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அதுதான். எருக்கலைப் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைப்பதால் குருவிகளும் அதை ஒதுக்கும். இரண்டு கிழமை அளவில் தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகித் தொங்கும். மொட்டையான செடி திரும்பத் துளிர்க்கும். வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று அதையும் தெளிக்காதீர்கள், புழு வளராமல் செத்துப்போகும். பக்கத்தில் வெங்காயம், மிளகாய்த் தோட்டம் இருந்தால் மருந்து காற்றில் வராத மூலையாகப் பார்த்து நடுங்கள்.

மஞ்சளாக மொய்க்கும் அழுக்கணவன் (அசுவினி) பூச்சிக்கும் மருந்து வேண்டாம். இலையின் அடியில் முட்டை, புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணீரைப் பீச்சிக் கழுவினால் போதும்.

தெருவோரத்தில் வளர்ந்து நிற்பதைக் கிண்டி வந்து நடுவதும் வீண்வேலை. வேர் ஆழமாக இறங்கியிருக்கும், அறுந்தால் செடி பிழைப்பது அரிது. காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் நேரத்தில் விதை எடுங்கள். தடி நடுவதானால் வெட்டிய வாயில் பால் காயும்வரை நிழலில் வைத்துவிட்டு நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெள்ளம் நிற்கிற பள்ளத்தில் வைத்தால் வேர் அழுகும். செம்மண்ணோ மணலோ, நீர் வடிய வேண்டும், நல்ல வெயில் பட வேண்டும். முதல் கோடையில் மட்டும் இடைக்கிடை தண்ணீர் விடுங்கள். வேர் பிடித்தபின் கிணற்றுத் தண்ணீரை மிளகாய்க்கு விடலாம்.

பாலைச் சாதாரணமாக எடுப்பது ஆபத்தான பிழை. கண்ணில் பட்டால் நோவு பெரிதாக இல்லாவிட்டாலும் பார்வை மங்கும். உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவிவிட்டு ஆசுபத்திரிக்குப் போங்கள். வெட்டும்போது கையுறை, கண்ணாடி போடுங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் நடவேண்டாம்.

கருவண்டைத் துரத்துவது பலர் கவனிக்காத பிழை. எருக்கலையின் மகரந்தம் தூளாக உதிராது. இரட்டைப் பையாக, ஒரு கவ்வியோடு பூவுக்குள் ஒட்டியிருக்கும். தேன் குடிக்க வந்த வண்டின் காலில் கவ்வி மாட்டி, பை அடுத்த பூவுக்குப் போனால்தான் காய் பிடிக்கும். அதற்குப் பலமுள்ள பெரிய வண்டு வேண்டும். பழைய தீராந்தியிலும் பட்ட மரத்திலும் துளை போட்டுக் குடியிருப்பது அந்த வண்டுதான். வீட்டுத் தீராந்தியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்கு வர்ணம் பூசிவிட்டு, வேலிக்கரையில் ஒரு பட்டுப்போன மரத்துண்டை வண்டுக்கென்று விட்டுவையுங்கள்.