சாப்பிடாத நாளிலும் இன்சுலின் உண்டு

டைப் 1 சர்க்கரை நோயோடு வளர்ந்தவன் நான். பள்ளிப் பையில் புத்தகத்தோடு ஊசியும் போகும். புதிதாக நோய் வந்தவர்களோ, பிள்ளைக்கு வந்து கலங்கி நிற்கும் பெற்றோரோ கேட்டால், முதலில் ஒன்றைத்தான் சொல்வேன்: ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு இன்சுலின் வேண்டும்.

பலர் அதைச் சாப்பாட்டுக்கான மருந்தாகவே நினைக்கிறார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதுதான் டைப் 1. இனிப்பு தின்றதால் வருவதில்லை. இதை உறவுக்காரர்களுக்கு விளக்கி முடிக்க ஓர் ஆயுள் போதாது. நாம் தூங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் கல்லீரல் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் இல்லையென்றால் அது செல்லுக்குள் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைக்கவில்லை.

ஆகவே ஊசி இரண்டு வகை. நீண்ட நேர இன்சுலின் கல்லீரல் விடும் குளுக்கோஸுக்கு. வேகமான இன்சுலின் சாப்பாட்டுக்கு. தட்டில் இருக்கும் மாவுச்சத்தைக் கணக்குப் போட்டுத்தான் இரண்டாவதைப் போட வேண்டும். 10 கிராமுக்கு 1 யூனிட் என்று உங்கள் மருத்துவர் சொல்லியிருந்தால், 60 கிராமுக்கு 6. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளுக்குக் காலையில் வேறு, இரவில் வேறு. சுகர் இறங்கவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் மறுபடி போடாதீர்கள். முதல் ஊசி ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்தால் ஒரேயடியாக இறக்கிவிடும்.

காய்ச்சல் நாளில்தான் ஆபத்து. ‘ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். காய்ச்சலில் சுரக்கும் ஹார்மோன்கள் சாப்பிடாமலேயே சுகரை ஏற்றும். வழக்கத்தைவிடக் கூடுதலாகக்கூட இன்சுலின் தேவைப்படலாம். சாப்பாட்டு இன்சுலினைச் சாப்பாட்டுக்கு ஏற்பக் குறைக்கலாம், நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, சுகரையும் கீட்டோனையும் பாருங்கள். நான் நேரம், எண், யூனிட் மூன்றையும் தாளில் எழுதித் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். காய்ச்சல் மூளையை நம்ப முடியாது. இரத்தக் கீட்டோன் 0.6 mmol/L-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 1.5ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3ஐத் தொட்டால் நேராக மருத்துவமனை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். சுகர் குறைந்து சாப்பிடவும் முடியாவிட்டால் இனிப்பான பானத்தை மடக்கு மடக்காகக் குடியுங்கள். விடாத வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வாங்கும் மூச்சு, மூச்சில் பழ வாசனை: இவற்றை வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

லோ சுகருக்கு வருவோம். 70 mg/dL-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வியர்க்கும். எனக்குக் கோபம் வரும். “சுகர் பார்த்தியா?” என்று மனைவி கேட்பாள், அது கோபத்தை இன்னும் கிளப்பும், பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்துக் குளுக்ககான் (சுகரை ஏற்றும் அவசர மருந்து) கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்து பயனில்லை, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். நன்றாக ஓடியாடிய நாளில் சுகர் பல மணி நேரம் கழித்து, நடு இரவில்கூட இறங்கலாம். படுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் எறிந்துவிடுங்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஊசி இடம். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். அங்கே வலிக்காது, அதனால் கை அங்கேயே போகும். ஆனால் அங்கே போட்ட இன்சுலின் எப்போது, எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று சொல்ல முடியாது. காரணமில்லாமல் எண்கள் ஏறி இறங்கினால் முதலில் வயிற்றையும் தொடையையும் தடவிப் பாருங்கள். தடித்த இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவே அதிகமாகிவிடலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாறுங்கள். அவர் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு வாருங்கள்.